கொல்லையில் மரத்தளம் போடப் போகிறவனுக்கு

இப்போதெல்லாம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். சரிவான தோட்டம், பின்னால் ஊசியிலைக் காடு, வீட்டை ஒட்டிச் செக்கச்செவேல் என்று ஒரு பலகைத் தளம், மேலே இரண்டு நாற்காலி. "இதே மாதிரி நம்ம கொல்லையிலயும் ஆத்தப் பாத்தாப்ல ஒண்ணு போட்டுக் குடுங்க ஆசாரியாரே" என்பார்கள். திருவையாறு, சுவாமிமலைப் பக்கத்துப் பழைய தெருக்களில் வாசல் மேட்டிலும் கொல்லை ஆற்றை நோக்கிச் சரிந்தும் கிடக்கிற வீடுகள் உண்டு. ஆசைப்படுவதில் தப்பில்லை. அதற்கு 'டெக்' என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது கொல்லைத் திண்ணைதான்.

என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் கேட்டதற்காக நம்பர் போட்டு எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி: மரம் நனைவதால் கெடுவதில்லை, நனைந்தது காயாமல் கிடப்பதால் கெடுகிறது. இது கைக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி நம்பரை நீயே எழுதிவிடுவாய்.

1. டேப்பை எடுப்பதற்கு முன்னால் குடையை எடு. ஐப்பசி அடைமழையில் அந்தக் கொல்லையில் போய் ஒரு மணி நேரம் நில். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எந்தப் பள்ளத்தில் நின்றுவிடுகிறது என்று பார். தண்ணீர் நிற்கிற இடத்தில் காலையில் ஒரு குச்சியை நட்டு வை, சாயங்காலம் வந்து பார். வீட்டுக்காரர் 'எங்க கொல்லையில தண்ணி நிக்கவே நிக்காதுங்க' என்பார். பங்குனியில் சொல்கிற பேச்சு அது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளில் கிணற்றை எட்டிப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். நம் மண்ணில் ஈரம் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். ஆகவே பார்ப்பது மழையில், வேலை செய்வது மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில்.

2. ஆற்றுக் கரையைத் தொடாதே. சரிவு அழகாக இருக்கிறது என்று கரையின் உடம்பை வெட்டித் தூண் நடச் சொல்வார்கள். அது நீர்வளத் துறையின் இடம், பட்டா கிடையாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, கரையில் நீ தோண்டும் ஒரு குழி வெள்ள நாளில் தண்ணீருக்கு வாசலாகிவிடும். உடைப்பு எடுத்தால் போவது அந்த வீடு மட்டுமில்லை, அந்தப் பக்கத்துச் சம்பா முழுக்கப் போகும். காசு நிறையத் தருகிறேன் என்றாலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வா. பட்டா எல்லையைக் கயிறு பிடித்துப் பார்த்து, அதற்கு உள்ளேயே முடித்துக்கொள். உட்கார்ந்தால் ஆறு தெரிந்தால் போதும், காலை நனைக்கத்தான் படித்துறை இருக்கிறதே.

3. மரம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தில் இருக்கிற மரம் செடார். கனடா, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஓயாத மழையில் வளர்கிற மரம் அது. அதன் வைரத்தில் பூஞ்சைக்கு ஆகாத ஒரு சாரம் இருப்பதால் அங்கே தளத்துக்கும் கூரை ஓட்டுக்கும் அதைப் போடுகிறார்கள். தாவரக்காரர்களைக் கேட்டால் அது அசல் செடார் சாதியே இல்லை என்பார்கள். அசல் சாதி நம் இமயமலைத் தேவதாரு. ஸ்ரீநகர் ஏரியில் மிதக்கிற படகு வீடுகளெல்லாம் தேவதாருவில் செய்தவை. அந்தந்த ஊர்க்காரன் தன் ஈரத்துக்குப் பழகிய மரத்தை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். செடாரைக் கப்பலில் வரவழைத்துத் தஞ்சாவூரில் போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. லேசான, மெத்தென்ற மரம் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் தேங்காய் உரிக்கக் கடப்பாரையை ஊன்றுவார்கள்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சோதனை உண்டு. மரத்துண்டுகளைப் பாதி மண்ணுக்குள் புதைத்துவிட்டு, கரையானும் பூஞ்சையும் தின்று தீர்க்க எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணுவார்கள். சுடுகாட்டுச் சோதனை என்றே அதற்குப் பெயர். 120 மாதம் தாண்டினால் முதல் வகுப்பு, 60-லிருந்து 120 வரை இரண்டாம் வகுப்பு, 60-க்குக் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரம் முதல் வகுப்பு. மாமரம் மூன்றாம் வகுப்பு. வைரம் என்ற சொல்லைக் கவனி. முதல் வகுப்புத் தேக்கிலும் வெளிச்சுற்று வெள்ளை மாமரத்துக்குச் சமானம்தான். கால்வாய்க் கரைத் தேக்கு நம் பக்கத்தில் கிடைக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் வேகமாக வளர்ந்ததால் இளமரத்தில் வெள்ளை அதிகமாக இருக்கும். மரவாடியில் பலகையின் பக்கவாட்டைப் பார்க்காதே, வெட்டுமுகத்தைப் பார். வெள்ளை ஒரு விரலுக்கு மேல் தெரிந்தால் அந்தப் பலகை வீட்டுக்குள் அலமாரிக்குப் போகட்டும்.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு பழைய மரம். இடிக்கிற வீட்டு உத்திரம், கதவு நிலை, ஊஞ்சல் பலகை. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த தேக்கு. சுருங்க வேண்டியதெல்லாம் தாத்தா காலத்திலேயே சுருங்கி முடிந்திருக்கும். இழைப்புளி வைப்பதற்கு முன்னால் காந்தத்தை ஓட்டிப் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் அலகு போச்சு. அடுத்தது வேங்கை, அதற்கடுத்து வயதான மருது. பூவரசு வண்டிக்கு நல்லது, தளத்துக்கு அகலமான நேர்ப்பலகை அதில் தேறாது. பலா வீணைக்குப் போகட்டும். பனை வயிரம் இரும்புதான், ஆனால் 2021-லிருந்து பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். பழைய கூரை பிரிக்கிற இடத்தில் பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதே.

4. நான் கெடுத்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்பு தீக்குச்சி கொட்டினதுபோல் விழுந்து கிடந்தது. எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்தார்கள். அடிமரம் கருத்து, கெட்டியாக, மணி மாதிரி சத்தம். அதைப் பலகையாக்கி ஒரு வீட்டில் அழகாகத் தளம் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஒரு பலகையில் கட்டைவிரலை அழுத்தினேன், நகம் உள்ளே போனது. கூரைக்கு அடியில் உத்திரமாகப் போட்டிருந்தால் அதே தென்னை இன்றைக்கும் நின்றிருக்கும். மருந்தேற்றாத தென்னை திறந்த வெளிக்கு ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முழுத்தளத்தையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கெட்டி வேறு, நீடித்து உழைப்பது வேறு. சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கெட்டியைக் கண்டுபிடிக்கலாம். உழைக்குமா என்பது தட்டினால் தெரியாது.

5. அடிமானம். நம் ஊரில் மரத்தை மண்ணில் நடாதே. தாரைப் பூசினேன், அடியைக் கருக்கினேன் என்று சமாதானம் சொல்லாதே. சந்தேகமிருந்தால் பழைய மாட்டுக்கொட்டகைக் கால் ஒன்றைப் பிடுங்கிப் பார். மண்ணுக்கு மேலே இருப்பது நன்றாக இருக்கும். மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் நுனிகூடச் சில சமயம் நன்றாக இருக்கும். மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் மட்டும் எலி கடித்த கரும்பாட்டம் இளைத்திருக்கும். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான்.

பூம்புகார் பக்கம் கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது, அதில் நட்டிருந்த மரக்கம்பங்களோடு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று கரிமக் கணக்கு சொன்னது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம்! அது எந்த ஆசாரி பூசிய மருந்தும் இல்லை. சேற்றுக்கு உள்ளே காற்றுப் போகவில்லை, அதனால் பூஞ்சை வாழவில்லை. வெனிஸ் நகரம் மரக்கழிகள்மேல் நிற்பதும் இதே கணக்கில்தான். முழுக்க நனைந்தே கிடந்தால் மரம் பிழைக்கும், முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். உன் தளத்தின் கால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆகவே கல்மேல் நிறுத்து. அக்ரகாரத்துத் திண்ணைத் தூணைப் பார்த்திருப்பாய். தேக்குத் தூண் தரையில் ஊன்றாமல் ஒரு கருங்கல் பாதத்தில் ஏறி நிற்கும். அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டெல்டாவில் கருங்கல் கிடையாது. 1010-ல் முடிந்த பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. வண்டி கட்டிக் கல்லை வரவழைத்துத் தூணுக்கு அடியில் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா? கல்லின் தலை மண்ணிலிருந்து ஒரு சாணாவது உயர்ந்திருக்கட்டும். மேல்முகத்தை நடுவில் உயர்த்தி, ஓரம் லேசாகச் சரித்துக் கொத்தச் சொல். நடுவில் துருப்பிடிக்காத எஃகு முளை. கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் அரை அங்குலம் காற்று நுழையும்படி ஒரு தகடு.

கல்லுக்குக் கீழே என்ன மண் என்று பார். களியாக இருந்தால் சித்திரையில் வெடிப்பு விழும், ஆடியில் உப்பும். வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்து, அதற்கும் கீழே ஒரு அடி தோண்டு. மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டுக் கல்லை உட்காரவை. மணலில் நிற்குமா என்று பயப்படாதே. கல்லணை நிற்பது காவிரி மணலில்தான். வெள்ளைக்கார எஞ்சினியர் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்துத்தான் மணல் ஆற்றில் அணை கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டார். மணல் ஓடிப்போகாமல் அடைபட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

6. சரிவுக்கு மண் அடித்து மட்டமாக்காதே. அடித்த மண் மூன்று மழைக்கு இறங்கும். மண் சரிந்தபடியே கிடக்கட்டும், கால்கள் நீளம் மாறட்டும். வீட்டுப் பக்கம் இரண்டடி என்றால் ஆற்றுப் பக்கம் ஐந்தடி. மட்டம் பிடிக்க டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற மேஸ்திரி வித்தைக்கு ஈடு எதுவுமில்லை. ரசமட்டம் நீளத்துக்குப் பொய் சொல்லும். மூலைக்கு மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்.

7. நீளமான கால்கள் ஆடும். குனிந்து பார்த்தால் நேராகத்தான் நிற்கும். நாலு பேர் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுக்கிற நாளில் தெரியும். மூன்றடிக்கு மேல் உயர்ந்த காலுக்கெல்லாம் இரண்டு திசையிலும் குறுக்குச் சட்டம் கொடு. காலுக்குக் கால் ஆறடிக்கு மேல் போகாதே. உத்திரம் நாலுக்கு ஆறு, அதன்மேல் மூன்றுக்கு ஐந்து சட்டங்கள் பதினாறு அங்குல இடைவெளியில். உத்திரம் காலின் தலையில் உட்கார வேண்டும். பக்கவாட்டில் போல்ட்டில் தொங்கவிட்டால் பாரம் முழுவதையும் போல்ட் சுமக்கும்.

கழுந்தும் துளையும் நம் தொழிலின் மானம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய் மேலே பார்த்த துளையை வெட்டவெளியில் போடாதே. அது தண்ணீர்க் கிண்ணம். போட்டே ஆக வேண்டுமென்றால் துளையின் அடியிலிருந்து வெளியே ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடு. என் ஆசான் அதை 'மூக்கு' என்பார். மூச்சு விட வேண்டுமே.

8. வீட்டுச் சுவரோடு தளத்தைப் பிணைக்காதே. வெளிநாட்டுப் படங்களில் வீட்டுச் சட்டத்தில் ஒரு பலகையை அறைந்து அதில் தளத்தை மாட்டியிருப்பார்கள். அவர்கள் வீடே மரம். நம் பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அதில் ஒட்டிய மரம் தை மாதம்வரை ஈரத்துணி போலக் கிடக்கும், கரையானுக்கும் அது நடைபாதை. நாலு விரல் தள்ளித் தனியாக நிற்கட்டும். கூரைத் தண்ணீரை ஒரு தகர வாய்க்காலில் பிடித்து வேறு பக்கம் விடு.

9. பலகை. ஒன்றேகால் அங்குலக் கனம், நாலு நாலரை அங்குல அகலம். அதற்குமேல் அகலமாகப் போனால் கிண்ணம் மாதிரி வளையும். அகலப் பலகை வீட்டுக்காரருக்குப் பெருமை, உனக்குத் தலைவலி. காய்ந்த மரத்தையே போடு. அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. குச்சி வைத்து அடுக்கி, மேலே நிழல், பக்கவாட்டில் காற்று. இப்போது ஈரமானி கிடைக்கிறது, வாங்கிக்கொள். இருபது சதவீதத்துக்குக் கீழே பூஞ்சை பிடிக்காது.

காய்ந்த பலகைக்கு நடுவில் ஐந்து மில்லி இடைவெளி விடு. ஆணியை நிறுத்தி அளந்துகொள்ளலாம். யாராவது 'தேங்காய்ப்பூ விழுந்தா கீழ போயிடுமே, சேத்து அடிங்க' என்று சொல்வார்கள். தண்ணீரும் கீழே போக வேண்டும் என்று சொல். காய்ந்த பலகையில் பட்டைப் பக்கம் மேலே இருக்கட்டும், நனையும்போது நடு உயர்ந்து தண்ணீர் ஓரமாக வழியும். பச்சை மரம் காயும்போது இதற்கு நேர் எதிராக வளையும். அதனால்தான் இரண்டு ஆசாரிகள் இதில் சண்டை போடுவார்கள். இரண்டு பேரும் சொல்வது சரி, கையிலிருக்கிற மரம் வேறு.

வெட்டுமுகத்தை மறக்காதே. மரம் உயிரோடிருந்தபோது தண்ணீர் ஏற்றிய குழாய்களெல்லாம் அங்கே வாயைத் திறந்துகொண்டிருக்கும். முகத்தில் குடிப்பதைவிடப் பல மடங்கு அங்கே குடிக்கும். அறுத்த அன்றைக்கே எண்ணெயோ மெழுகோ கொடுத்து வாயை அடைத்துவிடு. நாளைக்கு என்று வைத்தால் மறந்துபோவாய். நான் மறந்திருக்கிறேன்.

10. இரும்பாணி வேண்டாம். மருது, கருவேலம் மாதிரித் துவர்ப்பு உள்ள மரத்தில் இரும்பு பட்டு நனைந்தால் மை கொட்டியதுபோல் கருப்பு இறங்கும், பிறகு ஆணியைச் சுற்றி மரம் உளுக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடு. தஞ்சாவூர், கும்பகோணத்தில் 304 போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் 316 கேட்டு வாங்கு. விலை கூடுதல்தான். முதலில் துளை போட்டுவிட்டுத் திருகு, இல்லாவிட்டால் ஓரம் பிளக்கும். திருகின் தலை மரத்தோடு சமமாக நிற்கட்டும். அமுக்கிப் பள்ளமாக்கினால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குளம்.

11. பூச்சு. வார்னிஷ் வேண்டாம் என்று ஒரு தரம் சொல்வேன், மறுபடியும் சொல்வேன். முதல் வருஷம் கல்யாணப் பந்தி மாதிரி மினுங்கும். சித்திரை வெயிலில் வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் போகும், போன ஈரம் வெளியே வர வழியிருக்காது. உள்ளே இறங்குகிற எண்ணெயே நல்லது. ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிச் சூடாகத் தேய். கடற்கரையில் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். தளத்தின் அடிப்பக்கத்துக்கும் சட்டங்களுக்கும் அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்புளமாகி உரியும், ஜாக்கிரதை. மேல்பலகையில் பூசாதே, வெறும் உடம்போடு படுக்கிற இடம்.

மருந்தேற்றிய பச்சை நிற மரம் பற்றி ஒரு வார்த்தை. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து மரத்துக்குள் ஏற்றுகிற அந்த முறையை 1933-ல் டேராடூனில் கண்டுபிடித்தவர் சொன்டி காமேசம் என்ற நம் நாட்டுக்காரர். அமெரிக்காவில் எத்தனையோ வீட்டுத் தளங்கள் பல பத்தாண்டுகள் அவர் மருந்தில் நின்றன. ஆர்சனிக் விஷம் என்பதால் 2003 முடிவோடு அங்கே வீட்டு வேலைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். உனக்கு அந்த மரம் கிடைத்தால் காலுக்கும் உத்திரத்துக்கும் மட்டும் வை. மிச்சத் துண்டை அடுப்பில் வைக்கக் கூடாது, புகையே விஷம். இதை வீட்டு ஆத்தாளிடம் நேரிலேயே சொல்லிவிடு. ஐயாவிடம் சொன்னால் உள்ளே போய்ச் சேராது.

12. ஆற்றுப் பக்கம் இரண்டரை அடிக்கு மேல் உயரம் இருந்தால் கைப்பிடி. மூன்றரை அடி உயரம், கம்பிக்கு நடுவில் நாலு அங்குலத்துக்குக் குறைவு. பேரப்பிள்ளை தலையை நுழைத்துப் பார்க்கும். படிகள் ஒரே உயரமாக இருக்கட்டும். கடைசிப் படியை மரத்தில் போடாமல் கல்லில் போடு.

13. தளத்துக்கு அடியில் சாமான் அடைக்க விடாதே. ஆறு மாதத்தில் தேங்காய் மட்டை, பழைய சைக்கிள், உரமூட்டைச் சாக்கு எல்லாம் அங்கே போய்விடும். காற்று நின்றுவிடும், எலி வரும், எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். வீட்டுப் பக்கம் தாழ்வாக இருக்கிற இடத்திலும் ஒரு ஆள் டார்ச்சோடு நுழைகிற உயரமாவது வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தரம் நீயே போய் நுழைந்து பார். தையில் ஒரு தரம், மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு தரம். கையில் ஒரு மெல்லிய உளி எடுத்துப் போ. காலின் அடி, உத்திரத்தின் மூட்டு, படிக்கட்டு சேருகிற இடம், மூன்றிலும் குத்திப் பார். உளி தானாக இறங்கினால் அந்தத் துண்டை அன்றைக்கே மாற்று. கரையான் மண்கோடு ஏதாவது கல்லில் ஏறியிருந்தால் துடைப்பதோடு நிறுத்தாமல் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார். பலகை சாம்பல் நிறமாகிவிட்டது என்று கூப்பிடுவார்கள். அது வெயில் செய்த வேலை, மரத்துக்கு ஒன்றுமில்லை, கோயில் கதவும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வா.

14. கூலி பாக்கியைப் புரட்டாசிக்குள் வாங்கிவிடு. ஐப்பசி மழை பிடித்து, இடைவெளி வழியாகத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டால் 'ஒழுவுதே ஆசாரியாரே' என்று ஆரம்பிப்பார்கள். ஒழுகத்தான் அப்படிப் போட்டேன் என்று விளங்கவைப்பதற்குள் தை பிறந்துவிடும்.